ரோந்துக் காவலராகப் போக நினைக்கிறீர்களா? முதல் யோசனையிலிருந்து முதல் நைட் ரவுண்ட்ஸ் வரை

காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் "உள்ளே போய் என்ன வேலை பார்க்க ஆசை?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஸ்டேஷனில் இருக்க வேண்டும், வண்டியில் ரோந்து போக வேண்டும். நல்ல ஆசைதான். மக்கள் அன்றாடம் கண்ணால் பார்க்கும் போலீஸ் ரோந்துக் காவலர்தான். ஒரு தெருவுக்குக் காவல்துறை மேல் மரியாதை வருவதும் போவதும் அவர் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குள் என்ன இருக்கிறது, அங்கே போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும் என்று விசாரிக்காமலேயே பலர் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தேர்வுக்குச் சொல்லித்தர ஏராளமான பேர் இருக்கிறார்கள். இங்கே வேலையைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறேன், தமிழ்நாடு காவல்துறையை மட்டும் வைத்து.

முதல் படி: அந்த வேலையில் என்னதான் நடக்கிறது?

இரவு ரோந்தை எடுத்துக்கொள்வோம். பத்து, பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராகி, எந்த பீட், அதாவது ரோந்து போக வேண்டிய பகுதி எது என்று தெரிந்துகொண்டு, மைக்கையும் லத்தியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நம் ஊரில் மைக் என்றால் வயர்லெஸ். பீட்டுக்குள் வங்கி, ஏடிஎம், நகைக்கடை, கோயில், பஸ் ஸ்டாண்டு என்று பாயின்ட்டுகள் இருக்கும். வங்கி வாசல் கம்பியில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு சின்ன நோட்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பட்டா புத்தகம். அந்த இடத்துக்கு வந்த நேரத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த பாயின்ட்டுக்குப் போக வேண்டும். இப்போது பல இடங்களில் அதற்குப் பதிலாக க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். செல்போனில் ஸ்கேன் செய்தால் நேரமும் இடமும் பதிவாகிவிடும். உட்கார்ந்த இடத்தில் நாலு பாயின்ட்டுக்குக் கையெழுத்துப் போடுகிற பழைய வழக்கத்துக்கு இதில் இடம் கிடையாது.

பாயின்ட்டுகளுக்கு நடுவில்தான் உண்மையான வேலை. வெளியூர் போகிறோம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனவர்களின் பூட்டிய வீடுகளை ஒரு பார்வை பார்க்க வேண்டும். கன்ட்ரோல் ரூமுக்கு 100-க்கோ 112-க்கோ யாராவது போன் போட்டால் மைக்கில் அழைப்பு வரும். அந்த அழைப்புகளில் கொள்ளையும் துரத்தலும் அபூர்வம். குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான், கோயில் கொடையில் ஸ்பீக்கர் சத்தம் தாங்கவில்லை, வரப்புத் தகராறு, பைக் சறுக்கி ஒருவர் விழுந்து கிடக்கிறார், வயதான அம்மா ஒருவர் வழி தெரியாமல் நிற்கிறார், இப்படித்தான் வரும். சில இரவுகளில் ரயில் தண்டவாளத்தில் கிடக்கும் சடலத்துக்குப் பக்கத்தில் விடியும் வரை காவல் நிற்க வேண்டியிருக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு இளைஞர் தோளில் பையோடு நடந்து வருகிறார். நிறுத்தி விசாரிக்க வேண்டியது உங்கள் கடமை. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்து அறைக்குப் போகிறவராக இருக்கலாம், பூட்டு உடைக்கும் கம்பி வைத்திருப்பவராகவும் இருக்கலாம். "எங்கேருந்து வர்றீங்க தம்பி? பையில என்ன?" என்று ஆரம்பித்தால் முதல் ஆள் கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டாவது ஆள் தடுமாறுவார். "டேய், நில்லுடா" என்று ஆரம்பித்தால் இரண்டு பேருமே பயந்துவிடுவார்கள், உங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விடும். ரோந்து வேலையின் முக்கால்வாசி இந்த முதல் வாக்கியத்தில் இருக்கிறது. இதை எந்தத் தேர்விலும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது படி: உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

உங்கள் ஊர் ஸ்டேஷனில் ஐந்தாறு வருடம் சர்வீஸ் உள்ள ஒரு காவலரிடம் பேசுங்கள். இன்ஸ்பெக்டரிடம் கேட்டால் துறையைப் பற்றிச் சொல்வார். காவலரிடம் கேட்டால்தான் நாளைப் பற்றிச் சொல்வார். போன தீபாவளிக்கு எங்கே இருந்தீர்கள், கடைசியாக எப்போது லீவு கேட்டீர்கள், கிடைத்ததா, பிள்ளையின் ஸ்கூல் விழாவுக்குப் போனீர்களா என்று கேளுங்கள். பண்டிகை நாளில்தான் போலீசுக்குப் பந்தோபஸ்து. திருவண்ணாமலை தீபம், பசும்பொன் குருபூஜை, விநாயகர் ஊர்வலம், தேர்தல் என்று வந்தால் வேறு மாவட்டத்துக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத் தரையிலோதான் அன்றைக்குப் படுக்கை.

காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்று 2021-ல் அரசு முடிவெடுத்தது. இப்போதும் பந்தோபஸ்து குவியும் மாதங்களில் அந்த ஓய்வு தள்ளிப்போகும். சங்கம் வைத்துக் கேட்கவும் முடியாது. காவல்துறையினர் தொழிற்சங்கத்தில் சேருவதை 1966-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. இது எனக்கு வருத்தமான விஷயம்தான், ஆனாலும் சேர்வதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கோபத்தைப் பற்றியும் யோசியுங்கள். குடித்தவன் உங்கள் அம்மாவை இழுத்துத் திட்டுவான். சுற்றி நாலு பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்போது கை நீளாமல் இருக்குமா? இருக்காது என்று தோன்றினால் இந்த வேலையில் உங்களுக்கும் ஆபத்து, எதிரில் நிற்பவருக்கும் ஆபத்து.

வாய்ப்பிருந்தால் ஊர்க்காவல் படையில் சேர்ந்து பாருங்கள். அது தன்னார்வப் பணி, சிறு படி கிடைக்கும். போலீசாரோடு சேர்ந்து இரவு ரோந்தும் திருவிழா பந்தோபஸ்தும் பார்க்கலாம். சில மாதம் அதில் இருந்தவருக்குக் காவலர் வேலை பிடிக்குமா பிடிக்காதா என்பது தெளிவாகிவிடும். இதைவிட நல்ல ஒத்திகை எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது படி: எந்த வாசல் வழியாக உள்ளே போவது?

இரண்டு வாசல்கள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இரண்டாம் நிலைக் காவலர், பட்டதாரிகளுக்கு உதவி ஆய்வாளர். இரண்டுக்கும் ஆள் எடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். காவலர் தேர்வில் தேறியவுடன் ஸ்டேஷனில் போய் உட்கார முடியாது. முதலில் மாவட்ட அல்லது மாநகர ஆயுதப்படை, இல்லையென்றால் தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. பேச்சு வழக்கில் ஏஆர், பட்டாலியன் என்பார்கள். பட்டாலியனுக்கு ஆண்களை மட்டும் எடுக்கிறார்கள். அங்கே போனால் மணிமுத்தாறிலும் இருக்கலாம், டெல்லியில் திகார் சிறைக் காவலிலும் நிற்கலாம். பட்டாலியனிலிருந்து ஏஆர், ஏஆரிலிருந்து ஸ்டேஷன் என்று சீனியாரிட்டிப்படி நகர வேண்டும். அதற்குச் சில வருடங்கள் ஆகும். ரோந்து வண்டியில் ஏறும் கனவோடு வருகிறவர்கள் முதல் வருடங்களில் கைதி வழிக்காவல், பாரா என்கிற வாயில் காவல், பந்தோபஸ்து என்று நிற்கும்போது சோர்ந்துபோவது இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான்.

பட்டம் இருக்கிறது, வயதும் இருக்கிறது என்றால் உதவி ஆய்வாளர் தேர்வையும் எழுதுங்கள். ஆனால் அதற்காகக் காவலர் தேர்வை விடவேண்டாம். உள்ளே போய் ஐந்து வருடம் முடித்த காவலர்களுக்கு உதவி ஆய்வாளர் பணியிடங்களில் 20 சதவீதத் துறை ஒதுக்கீடு இருக்கிறது. ரோந்து போன அனுபவத்தோடு எஸ்ஐ ஆகிறவரிடம் வேலை பார்க்கக் காவலர்களுக்கும் பிடிக்கும்.

நான்காவது படி: தகுதியும், யாரும் கவனிக்காத ஒரு விதியும்

காவலர் பணிக்கு 18 முதல் 26 வயது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 28 வரை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், திருநங்கையர், திருநம்பியருக்கு 31 வரை, ஆதரவற்ற விதவையருக்கு 37 வரை. உயரம் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 159. பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கு 167, பெண்களுக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81, மூச்சை இழுத்தால் குறைந்தது 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். உயரத்தை வீட்டுச் சுவரில் அளக்காதீர்கள். உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுச் சரியான அளவுகோலில் அளந்துவிடுங்கள். அரை சென்டிமீட்டரில் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். மூன்று பள்ளிக்கூடம் மாறிப் படித்திருந்தால் மூன்று இடத்திலும் வாங்க வேண்டும். அறிவிக்கை வந்தபிறகு அலைந்தால் கிடைக்காது, இப்போதே வாங்கி வையுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் பலருடைய வாய்ப்பைக் கெடுக்கிறது. உங்கள் பெயரில் எஃப்ஐஆர் இருந்தால் நியமனம் போய்விடக்கூடும். வழக்கில் விடுதலையாகியிருந்தாலும், அது சந்தேகத்தின் பலனை அளித்த விடுதலை அல்லது சாட்சிகள் பிறழ்ந்ததால் வந்த விடுதலை என்றால், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் விளக்கம் இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் இரண்டு தரப்பு அடித்துக்கொள்ளும், புகாரில் பத்துப் பெயரோடு உங்கள் பெயரையும் சேர்த்துவிடுவார்கள். அப்போது பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, எந்த விதமான தீர்ப்பு என்று வழக்கறிஞரை வைத்துப் பார்த்து, நகலை வாங்குங்கள். விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது. சரிபார்ப்புக்கு வருவதே போலீஸ்தான், அவர்களிடம் பதிவு இருக்கும். வழக்கு இருந்ததைவிட அதை மறைத்தது பெரிய குற்றமாகிவிடும்.

ஐந்தாவது படி: எழுத்துத் தேர்வு

அண்மை வருட முறைப்படி முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண். அதில் 40 சதவீதம், அதாவது 32 எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள். முதன்மைத் தாள் 70 மதிப்பெண்: பொது அறிவு 45, உளவியல் 25. ஆறு முதல் பத்து வரையுள்ள பள்ளிப் பாடப்புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் இதைத் தாண்டிவிடுகிறார்கள். உளவியல் பகுதியில் கணக்கும் தர்க்கமும்தான் அதிகம், நேரம் வைத்துப் பழகினால் மதிப்பெண் கைக்கு வரும். மொத்தம் 100-ல் எழுத்துக்கு 70, உடல்திறனுக்கு 24, என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. கல்லூரியில் இருக்கும்போதே என்சிசியில் சேர்ந்திருந்தால் அதற்குக் கிடைக்கும் இரண்டு மதிப்பெண் கடைசியில் நூற்றுக்கணக்கான பேரைத் தாண்ட உதவும். விதிகள் அவ்வப்போது மாறுவதால், ஒவ்வொரு அறிவிக்கையையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். யூடியூபில் கேட்டதை வைத்து விண்ணப்பிக்காதீர்கள்.

ஆறாவது படி: மைதானம்

ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். இது தகுதிக்கு மட்டும். மதிப்பெண்ணுக்கு ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், பந்து அல்லது குண்டு எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம்.

பையன்களைக் கைவிடுவது பெரும்பாலும் கயிறுதான். முழு மதிப்பெண்ணுக்கு 6 மீட்டர் ஏற வேண்டும். ஜிம்மில் கையை மட்டும் பெருக்கிக்கொண்டு வருகிறவர்கள் மூன்று மீட்டரிலேயே தொங்கிவிடுவார்கள். காலால் கயிற்றைப் பின்னிப் பூட்டி, அந்தப் பூட்டின் மேல் எழுந்து நின்று, கையை மேலே மாற்ற வேண்டும். கை இழுப்பதற்கில்லை, பிடிப்பதற்குத்தான். ஊரில் புளியமரமோ வேப்பமரமோ இருந்தால் ஒரு நல்ல கயிற்றைக் கட்டுங்கள், கீழே மணல் கொட்டுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இறங்கும்போது வழுக்கி வந்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும், கை மாற்றி மாற்றித்தான் இறங்க வேண்டும். ஓட்டத்துக்குத் தார்ச்சாலையைத் தவிர்த்து மண் தரையில் ஓடுங்கள். தார்ச்சாலையில் ஓடி முழங்கால் வலியோடு தேர்வுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

மருத்துவப் பரிசோதனையில் பார்வை, வண்ணக்குருடு, கால்களின் அமைப்பு எல்லாம் பார்ப்பார்கள். நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள், இரண்டு வருட உழைப்பு மிச்சம்.

ஏழாவது படி: பயிற்சிப் பள்ளியும் சட்டமும்

காவலர் பயிற்சிப் பள்ளியில் ஏழெட்டு மாதம். கவாத்து என்கிற அணிவகுப்புப் பயிற்சி, துப்பாக்கி, சட்ட வகுப்பு, ஸ்டேஷனில் நேரடிப் பயிற்சி. கவாத்தில் எல்லோரும் கவனம் வைப்பார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு வரும் சட்ட வகுப்பில் கண் சொக்கும். அந்த வகுப்புத்தான் பிற்காலத்தில் உங்கள் வேலையைக் காப்பாற்றப்போகிறது.

2024 ஜூலை 1 முதல், பழைய ஐபிசி, சிஆர்பிசி, சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் ஆகிய மூன்றும்தான் நடைமுறை. ரோந்துக்காரர் நாகரிக் சுரக்ஷாவில் சில பிரிவுகளையாவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 43-ன்படி, விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக்கூடாது. அப்படிச் செய்ய நேர்ந்தாலும் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு செய்ய வேண்டும். 46-ன்படி, தப்பிக்காமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் யாரையும் கட்டுப்படுத்தக்கூடாது. 47, 48 கைதுக்கான காரணத்தையும் உறவினருக்குத் தகவலையும் சொல்லச் சொல்கின்றன. 58-ன்படி மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்க முடியாது. டி.கே.பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த கைது நெறிமுறைகளையும் படித்துவிடுங்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஊரடங்கு நேரத்தில் கடையை எப்போது மூடுவது என்பதில் ஆரம்பித்தது. தந்தையும் மகனும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், இரண்டு பேரும் சில நாட்களில் இறந்தார்கள். வழக்கு சிபிஐக்குப் போனது, இன்ஸ்பெக்டர் முதல் காவலர் வரை சிறைக்குப் போனார்கள். அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். மேலதிகாரி சொன்னார் என்பது உங்களைக் காப்பாற்றாது. அடிக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் தனக்கு இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் விண்ணப்பிப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

எட்டாவது படி: ஸ்டேஷனுக்கு வந்தபிறகு

முதல் மாதம் பீட்டைப் பகலில் நடந்து பாருங்கள். வண்டியில் போனால் தெரு தெரியும், நடந்தால்தான் சந்து தெரியும். எந்த வீட்டு நாய் எப்போது குரைக்கும், எந்தக் காம்பவுண்டுச் சுவர் தாழ்வு, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் டீக்கடை எது என்று ஒரு பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன், பால்காரர், பேப்பர் போடும் பையன், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் இவர்களோடு பழகுங்கள். தகவல் இவர்களிடமிருந்துதான் வரும். டீ குடித்தால் காசு கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். ஓசி டீயில் ஆரம்பிப்பது அங்கேயே நிற்பதில்லை, நீங்கள் காசு கொடுத்ததைக் கடைக்காரர் பத்துப் பேரிடம் சொல்வார்.

விபத்து நடந்த இடத்துக்குப் போனால் முதலில் 108, அப்புறம்தான் எல்லை யாருடையது என்ற பேச்சு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைகள் உங்கள் எல்லையில் எவை என்று தெரிந்து வைத்திருங்கள்.

சம்பளம், குடும்பம், பதவி உயர்வு

அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் ஆரம்பிக்கும். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி சேர்ந்து வரும். கிடைத்தால் காவலர் குடியிருப்பு. பத்து வருடத்தில் முதல் நிலைக் காவலர், அப்புறம் தலைமைக் காவலர், இருபது வருடத்துக்கு மேல் ஆனால் சிறப்பு உதவி ஆய்வாளர். தேர்வு எழுதி மேலே போகாதவர்களுக்கு இந்த வழி. முதல் சம்பளத்திலேயே புல்லட்டுக்கு ஈஎம்ஐ போடாதீர்கள். கடனில் இருக்கும் காவலருக்குத் தவறான இடத்திலிருந்து கை நீள வெகுகாலம் ஆகாது.

கல்யாணம் பேசும்போது வேலை நேரத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தொடர்ந்து தூக்கம் கெட்டால் மனமும் கெடும். அதற்கென்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் துணையோடு காவலர் நலவாழ்வுப் பயிற்சியைத் துறையே நடத்தியிருக்கிறது. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

பெண்கள் 1973 முதல் தமிழ்நாடு காவல்துறையில் இருக்கிறார்கள். இருந்தும் ரோந்து போகும் பெண் காவலருக்குக் கழிப்பறைதான் இன்றும் பெரிய பிரச்சினை. பீட்டுக்குள் இரவில் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க், அரசு மருத்துவமனை எவை என்று முதல் நாளே பார்த்துவைக்கும்படி அனுபவமுள்ள அக்காமார்கள் சொல்வார்கள். பெண் காவலர்களுக்கான காலை ரோல் கால் (வருகைப் பதிவு) நேரத்தை 7 மணியிலிருந்து 8 மணியாக்கி 2023-ல் அறிவிப்பு வந்தது. சின்ன மாற்றம்தான், ஆனால் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. நீதிமன்றம் போய் வென்று 2017-ல் உதவி ஆய்வாளரான பிரித்திகா யாஷினியால் திருநங்கையருக்கும் இந்த வாசல் திறந்தது.

அடுத்த அறிவிக்கை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். டூ வீலர், கார் இரண்டுக்கும் லைசென்ஸ் எடுங்கள், முதலுதவிப் பயிற்சி ஒன்றில் சேருங்கள், பள்ளிச் சான்றிதழ்களை ஒரே கோப்பில் வையுங்கள், சமூக வலைத்தளத்தில் சாதிப் பெருமை பேசிப் போட்ட பழைய பதிவுகளை நீக்குங்கள். கயிறு கட்ட மரம் பார்த்தாகிவிட்டதா?